பத்தியில் இல்லாத பதில்

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அவளை எல்லோரும் 'நீராவி அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். இஸ்திரி இயந்திரத்தின் பக்கத்திலேயே பல வருடம் நின்றவள். வார்டுகளுக்கு விரிப்பு கொண்டுபோகும்போதெல்லாம் செவிலியர்கள் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வருவாள். முப்பத்தைந்து வயதில் செவிலியர் பட்டப்படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதினாள்.

உயிரியலும் கணக்கும் கைகொடுத்தன. பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் பகுதிதான் இரண்டு முறையும் காலை வாரியது. இருபதில் எட்டைத் தாண்டவில்லை. வேகம் போதாது என்றார்கள் பயிற்சி வகுப்பில். வேகமாகப் படித்தாள்; ஆறுக்கு இறங்கியது.

அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். விடுமுறை நாளில் காய் நறுக்கிக்கொண்டே, "சத்தமா படி, நானும் கேக்குறேன்" என்றார். பத்தி துணி துவைப்பதைப் பற்றியது. அல்வா சாப்பிடுவது மாதிரி என்று நினைத்தாள். நான்கில் மூன்று தப்பு.

"ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணின்னு போட்டிருக்கியே, அது எங்க இருக்கு?"

"எங்கயும் இருக்க வேணாங்க. வெந்நீர் ஊத்தினா கறை பிடிச்சுக்கும். எனக்குத் தெரியாதா?"

"நீ சொல்றதுதான் சரின்னே வச்சுக்குவோம். கேள்வி என்ன?"

"கட்டுரையாளரின் கருத்துப்படி..." குரல் இறங்கியது.

"அந்த ஆளு என்ன சொல்றாரு? விரல வச்சு காட்டு."

விரல் வரிவரியாக நகர்ந்து 'வெந்நீர்' என்ற சொல்லில் நின்றது.

"அப்ப இத்தன நாளா எழுதினவன்கூட மல்லுக்கு நின்னிருக்கேனா?"

"என்கூட நிக்கிறது பத்தலையா உனக்கு?"

மறுநாள் பழைய வினாத்தாள்களைப் புரட்டினாள். விண்மீன், வரிவிதிப்பு என்று அவளுக்கு ஒன்றும் தெரியாத பத்திகளில் பதில்கள் சரியாக இருந்தன. குழந்தை வளர்ப்பு, சமையல், துணி: எல்லாம் கோட்டை விட்டவை.

அதன்பின் வரியில் விரல் வைக்காமல் எந்தப் பதிலையும் குறிக்கவில்லை. முதலில் ஆமை வேகம்தான். கடைசிப் பத்தியைத் தொடவே நேரமிருக்காது. போகப்போகக் கண்ணே விரலின் வேலையைச் செய்தது. மூன்றாம் முறை பதினைந்து.

ஊரின் மறுகோடியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் பேராசிரியை என்று நினைத்து வகுப்பே எழுந்து நின்றது.

"உக்காருங்கப்பா, நானும் உங்க கூடத்தான்" என்று சிரித்துவிட்டு, ஜன்னலோரம் இடம் பார்த்து உட்கார்ந்தாள்.