நைனா முறுக்கிய கிட்டார்

நைனாவுக்கு மறதி நோய் வந்த பிறகு, வீட்டில் திருகக்கூடிய எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆவடி தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குழாய், குக்கர் கைப்பிடி, கதவுத் தாழ்ப்பாள் என்று நாள் முழுக்க எதையாவது இறுக்கிக்கொண்டிருப்பார். அம்பத்தூரில் வேலை முடிந்து, ரயிலில் நின்றபடியே வந்து நெமிலிச்சேரியில் இறங்கி நான் வீட்டுக்குள் நுழையும்போது, பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார். அன்று எதை இறுக்கினார் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

ஒருநாள் அது என் கிட்டாராக இருந்தது. கல்லூரியில் படிக்கும்போது ஒரு தோழியிடமிருந்து வாங்கிய பழைய எலெக்ட்ரிக் கிட்டார். நைனா தூங்கிய பிறகு, ஆம்ப்ளிஃபயரில் மாட்டாமல் எனக்கு மட்டும் கேட்கும்படி கொஞ்ச நேரம் வாசிப்பேன். எனக்கென்று இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். இப்போது மூன்று கம்பிகள் அறுந்து சுருண்டிருந்தன. கம்பியை முறுக்கும் டியூனிங் கீகளில் பல் தேய்ந்து, திருப்பினால் சும்மா சுற்றின. எனக்குக் கோபம்கூட வரவில்லை. கிட்டாரை அலமாரி மேல் வைத்துவிட்டு உலை வைத்தேன்.

ஆன்லைனில் புது கீகள் வாங்கினேன். வந்து பார்த்தால் ஸ்குரு துளைகள் பழைய இடத்தில் பொருந்தவில்லை. பழைய துளைகளைப் பல்குத்தும் குச்சியும் மரப்பசையும் வைத்து அடைத்துக் காயவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கை டிரில்லோடு தரையில் உட்கார்ந்தேன். கிட்டாரின் கழுத்து ஆடிக்கொண்டே இருந்தது. இரண்டு முறை டிரில் வழுக்கி மரத்தில் கீறல் விழுந்தது. அப்படியே விட்டுவிடலாம் என்றிருந்தது.

நைனா நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கி எதிரில் உட்கார்ந்தார்.

"இன்னாம்மா, ஆடுதா?"

"ஆமா நைனா."

இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தார். காலையில் டம்ளரைப் பிடித்து டீ குடிக்கும்போது நடுங்கிய கைகள். இப்போது அசையவே இல்லை. ஆறு கீகளையும் நான் பொருத்தி முடிக்கும்வரை அப்படியே பிடித்திருந்தார்.

புதுக் கம்பிகளைக் கோத்ததும் அவர் விரல்கள் கீக்குப் போயின. தடுக்கத் தெம்பில்லை. அவர் முறுக்க, நான் கம்பியைத் தட்டித் தட்டிக் கேட்டேன். சரியான சுருதி வந்ததும் போதும் என்றேன். அவர் நிறுத்தவில்லை. அவர் கைமேல் என் கையை வைத்தேன். நின்றது.

"டைட்டா கீதா?"

"கீது நைனா. போதும்."

தலையசைத்துவிட்டு அடுத்த கீக்குப் போனார்.

அதிலிருந்து பெரும்பாலான சாயங்காலங்களில் நானே கம்பிகளைத் தளர்த்தி அவர் மடியில் வைக்கிறேன். அவர் முறுக்குகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து போதும் போதும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். முன்புபோல அவ்வளவாக வாசிப்பதில்லை. அவர் தூங்கும் நேரத்தில் எனக்கும் தூக்கம் வந்துவிடுகிறது.