பேனரில் என் மூஞ்சி

பக்கத்து ஊர்க்காரர்கள் தீமிதித் திருவிழாவுக்கு, அவர்கள் ஊரில் பிறந்து பெரிய ஆளானவர்களை எல்லாம் போட்டு ஒரு பேனர் வைத்தார்கள். ஒரு டாக்டர், ஒரு நீதிபதி, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா ஒருவர். கிருமாம்பாக்கம் பஸ்ஸில் போகிற எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். எங்கள் ஊருக்கு வயிறு எரிந்தது. மறுவருஷம் நாங்களும் வைப்பது என்று முடிவானது. வைக்கலாம், ஆள் வேண்டாமா?

நான் இருக்கிறேனே! மூன்று புத்தகம் எழுதியவள். வாயைத் திறந்து கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் ஆசை இருந்தது, பொய் சொல்வானேன்? விழாக் குழுத் தலைவர் வீட்டுக்கு வந்தபோது முகம் கழுவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

"பேனருக்கு மேல போட நாலு வரி எழுதிக் குடும்மா. உனுக்குதான் அதெல்லாம் வரும்" என்றார்.

"யார் யாரைப் போடறீங்கண்ணே?"

சொன்னார். சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாக ஓடிவந்த ஒருத்தர். அந்தப் புழுதியில் பெற்ற தாய்க்கே அவரை அடையாளம் தெரியவில்லை. கபடியில் கடலூர்க்காரன் காலை உடைத்த ஒருத்தர். சிங்கப்பூரில் இருக்கிற ஒருத்தர், அங்கே என்ன வேலை என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான். அட கடவுளே, காலை உடைத்தவனுக்கு இடம் உண்டு, கதை எழுதினவளுக்கு இல்லையா? பல்லைக் கடித்துக்கொண்டு நாலு வரி எழுதிக் கொடுத்தேன். மனுஷன் காபியைக் குடித்துவிட்டுப் போனார். கரும்புக் கொல்லையிலிருந்து வந்த வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் "உம்" என்றார். உப்பு போட மறந்த சாம்பாரை இன்னொரு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டார்.

பேனர் கட்டிய அன்று நான் அந்தப் பக்கமே போகவில்லை. எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்தாள். "யக்கா, உன் மூஞ்சிதான் இருக்கறதுலயே பெருசா கீது!"

போய்ப் பார்த்தேன். பெரிய மனிதர்கள் மேலே பொட்டு பொட்டாக இருந்தார்கள். கீழே உபயதாரர்கள். எங்கள் பக்கத்தில் உபயம் கொடுத்தவர் முகம் அம்மன் முகத்தைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். மாட்டுத்தீவனக் கடைக்காரருக்கும் கூலிங்கிளாஸ் போட்ட அவர் பேரனுக்கும் நடுவில் நான். "எழுத்தாளர். தீக்குழி விறகு உபயம்" என்று போட்டிருந்தது.

வீட்டுக்காரர் அங்கேதான் நின்றிருந்தார்.

"இன்னாங்க இது? நான் எப்ப வெறகு குடுத்தேன்?"

"நம்ம கொல்லையில வெட்டிக் கெடந்த வேலிகாத்தான் மரந்தான். உன் பேர்ல டிராக்டர்ல கொணாந்து எறக்கனேன். மேல எடம் இல்ல, உபயம் பண்ணா கீழ போடறோம்னானுங்க. எழுத்தாளர்னு போட்டாதான் எறக்குவேன்னு நின்னேன்."

என் புத்தகத்தில் ஒரு பக்கம் புரட்டாத மனுஷன். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டியிருந்தது.

"வேற போட்டோவே கெடைக்கலியா? யார் கல்யாணத்துலயோ வாய் நெறைய வடையோட கீறேன்."

"அதுலதான் நீ சிரிச்சிக்கினு கீற" என்றார்.