கனகாக்காவும் காமாக் கதிர் வெடிப்பும்

கனகாக்கா போய்விட்டார். இன்று காலை, சேலத்தில், மகள் வீட்டில். தூக்கத்திலேயே...

எண்பதுகளின் தொடக்கத்தில், ஜேடர்பாளையம் பக்கம் ஒரு சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாங்கள் இருவரும் ஆபரேட்டர்கள். போர்டில் வயரைச் சொருகி லைன் கொடுத்த காலம்.

அழுதுகொண்டேதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதச் சிரிப்பு வருகிறது. என்ன செய்ய, அக்கா அப்படி.

ஊரில் மற்றவர்கள் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தால், அக்கா காமாக் கதிர் வருமா என்று பார்ப்பார். வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, காற்று மண்டலமே தடுத்துவிடும், சாட்டிலைட்டுக்குத்தான் தெரியும் என்பதையும் அவரே சொல்வார்.

யாராவது திருட்டுத்தனமாக அணுகுண்டு வெடிக்கிறார்களா என்று வேவு பார்க்க அனுப்பிய சாட்டிலைட்டுகள் அவை. குண்டு சிக்கவில்லை. வானத்தில் எங்கிருந்தோ சில நொடி அடித்துவிட்டு மறைகிற காமாக் கதிர் வெடிப்புகள் சிக்கின. எங்கிருந்து, எதனால்... அப்போது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

"ஒருத்தருக்கும் தெரியாதாம் அம்மிணி" என்று அக்கா சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். லாட்டரி விழுந்த மாதிரி.

இதைப் பற்றி ஓர் அறிவியல் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினார். இரண்டு முறை திரும்பி வந்தது. இரண்டாம் முறை ஒரு கடிதமும் கூட.

பூமியைச் சுற்றுவது ஒன்று, வெள்ளிக் கிரகத்தின் பக்கம் ஒன்று, சூரியனைச் சுற்றுவது ஒன்று என்று கருவிகள் தூரம் தூரமாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வெடிப்பு எத்தனை நொடி முன்பின்னாக வந்தது என்பதை வைத்துத் திசையைக் கண்டுபிடிக்கலாம் என்று அக்கா எழுதியிருந்தார். வெறும் நேரத்தை வைத்து இடத்தை எப்படிச் சொல்வது? வாசகர் நம்பும்படி எழுதுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள் என்றது கடிதம்.

அக்கா அன்றைக்கு டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. "பியூசி படிச்சவ சொன்னா நம்ப மாட்டாங்களாட்ட இருக்குது" என்றார்.

அந்த நேரம் பார்த்து வெளியே 'டொம்' என்று ஒரு சத்தம். கிணற்று வெடி.

அந்தக் கோடையில் சுற்றுவட்டாரம் முழுக்கக் கிணறு தோண்டினார்கள். எங்கள் ஊர் மண்ணுக்குக் கீழே பாறைதானே. மத்தியானமானால் ஏதோ ஒரு கிணற்றில் வெடி வைப்பார்கள். எந்தக் கிணறு என்று சத்தத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

அக்கா என்னைப் பார்த்தார். நான் போர்டைப் பார்த்தேன். மூன்று சாட்டிலைட் மாதிரி, மூன்று திசையில் மூன்று டெலிபோன்... ரைஸ் மில், போஸ்ட் ஆபீஸ், பால் சொசைட்டி.

ரூல்ஸ்படி தப்புதான். மேலே தெரிந்தால் மெமோ. ஆனாலும் மறுநாள் மத்தியானம் மூன்று லைனையும் சேர்த்துப் பிடித்தோம். மில் ஒன்று, போஸ்ட் ஆபீஸ் இரண்டு, சொசைட்டி மூன்று. சத்தம் கேட்டதும் அவரவர் நம்பரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடையே எத்தனை நொடி என்று பார்க்க, பி.டி. மாஸ்டரிடம் இரவல் வாங்கிய இரண்டு ஸ்டாப் வாட்ச், ஆளுக்கு ஒன்று.

வெடித்தது. நம்பர்கள் வந்தன. அக்கா கிராம வரைபடத்தில் கணக்குப் போட்டுப் புள்ளி வைத்தார்.

புள்ளி சந்தைத் திடலின் நட்ட நடுவில் விழுந்தது.

சந்தையில் ஏது கிணறு? அக்காவின் முகம் செத்துவிட்டது. மறுநாளும் அப்படித்தான், புள்ளி எங்கோ போய் விழுந்தது. மூன்றாம் நாள் நான் வாட்ச்சை விட்டுவிட்டுக் காதை மட்டும் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் பிடிபட்டது.

மில்லுக்காரர் பழனியப்பன் மகா மரியாதைக்காரர். வெடி கேட்டதும் அவர் சொன்னது: "ஏனுங்கம்மா... ஒன்னுங்க."

அந்த 'ஏனுங்கம்மா'வுக்கு ஒன்றரை நொடி. ஒலிக்கு அது அரைக் கிலோமீட்டர். அத்தனை மரியாதையும் சேர்ந்து எங்கள் கிணற்றைச் சந்தைக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தது. நானும் அக்காவும் போர்டைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே...

மொட்டையாகப் பேசச் சொன்னால் அவரால் முடியாது. அதனால் பேச்சே வேண்டாம் என்று அக்கா முடிவு செய்தார். மில்லுக்காரர் பித்தளைச் சொம்பைத் தட்ட வேண்டும், போஸ்ட் மாஸ்டர் மேஜையில் முத்திரையைக் குத்த வேண்டும், சொசைட்டியில் பால் கேனைத் தட்ட வேண்டும்.

நங். டக். டொங்.

டூட்டி முடிந்த கையோடு இரண்டு பேரும் சைக்கிளில் பறந்தோம். அக்காவின் கையில் வரைபடம். புள்ளி விழுந்த இடத்தில், சோளக் காட்டுக்கு நடுவே ஒரு கிணறு. ஆட்கள் கல்லை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மருந்து வாசம் இன்னும் போகவில்லை.

நாங்கள் வந்த வேகத்தைப் பார்த்து மேஸ்திரி பயந்துவிட்டார். "ஏனுங்க, ஊட்டுல யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?"

"இல்லீங்க. மத்தியானம் வெடிச்சது இந்தக் கெணறுங்களா?"

"ஆமாங்க. இன்னைக்கு இது ஒன்னுதானுங்க."

அக்கா அப்படியே கல் குவியலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

இதையும் சேர்த்து மறுபடி எழுதி அனுப்பினார், கட்டுரை பத்திரிகையில் வந்தது. ஏனுங்கம்மாவும் சொம்பும் உட்பட, ஒரு வரி வெட்டாமல். மில்லுக்காரர் அதைக் கண்ணாடி போட்டு மில்லில் மாட்டி, நெல் அரைக்க வந்த எல்லோரையும் படிக்கச் சொன்னார்.

ரொம்ப வருடம் கழித்து, அந்த வெடிப்புகள் நம் பால்வீதிக்கும் வெளியே, கோடிக் கணக்கான ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வருகின்றன என்று கண்டுபிடித்தார்கள். அன்று அக்கா எனக்கு எஸ்டிடி போட்டார். ஹலோ கூடச் சொல்லவில்லை. "ரொம்ப தூரம் அம்மிணி... நாம நெனச்சதுக்கெல்லாம் மேல."

இன்று காலை போன் செய்தது அக்காவின் மகள். "சித்தி, அம்மா..." என்று ஆரம்பித்தாள். மீதி புரிந்துவிட்டது. என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

கையில் காபி டம்ளர் இருந்தது. போன் பக்கத்தில் வைத்து ஸ்பூனால் ஒரு தட்டு தட்டினேன்.

சொம்புக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் அவள். அந்தப் பக்கமிருந்து சொன்னாள்... "கேட்டுச்சுங்க சித்தி."

போய் வாங்க அக்கா.