தரை மட்டும் தெரிந்த டேப்

என் ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடி அறையில் டேப்பக்கா இருக்கிறார். பழைய கேம்கார்டரில் எடுத்த சின்ன டேப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பது அவர் தொழில். என் மெஷின் நிமிடத்துக்கு நாற்பது பக்கம் துப்பும். அக்காவிடம் அந்தப் பேச்சே கிடையாது. ஒரு மணி நேர டேப் ஏற ஒரு மணி நேரம் ஆகும். மிரட்டினாலும் கெஞ்சினாலும் அது அவசரப்படாது. கேம்கார்டரை வயரில் மாட்டி ஓடவிட்டு, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்.

பதினொரு வருஷமாக அடுத்தவர் வாழ்க்கையைப் பார்த்துப் பார்த்து, அக்கா பாதி இங்கேயும் பாதி வேறெங்கேயோவும் இருக்கிறார். தெருவில் போகும்போது, "அதோ போறாரே, நீச்சல் குளத்துல இறங்க மாட்டேன்னு அழுதவர்" என்பார். பார்த்தால் தொப்பையும் கண்ணாடியுமாக ஒரு பேங்க் மேனேஜர் போய்க்கொண்டிருப்பார். மத்தியான வெயில் திரைச்சீலை வழியே மஞ்சளாக இறங்கும். யார் வீட்டுக் குழந்தையோ திரையில் மழலை பேசும். அக்கா கண் சொக்கி உட்கார்ந்திருப்பார். எனக்குப் பொறாமையாக இருக்கும், சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் தச்சர் ஒருவர் வந்தார். சட்டைப் பையில் ஒரே ஒரு டேப்.

"வீட்டுக்காரி போய்ச் சேந்து இருபது வருஷமாச்சும்மா. பாப்பாவுக்கு அப்ப ரெண்டு வயசு. அம்மா எப்படிப் பேசுவாங்கன்னு இப்பக் கேக்குறா. நான் பேசிக் காட்டினா சிரிக்கிறா." டேப்பை எடுத்து மேஜையில் வைத்தார். "கூட வேலை செஞ்சவன்கிட்ட கேமரா இரவல் வாங்கி ஒரே ஒரு நாள் எடுத்தேன். திருப்பிக் குடுத்துட்டதால போட்டுப் பார்த்ததே இல்ல. அவ கேமராவைக் கண்டாலே வாயத் தெறக்க மாட்டா. ரெண்டு வார்த்தை இருந்தாப் போதும்."

அக்காவுக்கு ஒரு பழக்கம். ஏற்றுவதற்கு முன் டேப்பை வேகமாக ஓட்டிப் பார்ப்பார். அப்போது படம் மட்டும் கட்டம் கட்டமாகத் தாவும், சத்தம் வராது. இந்த டேப்பில் தரை ஓடியது. செருப்பு, நாற்காலிக் கால், மறுபடியும் தரை. மனுஷன் பட்டனைத் தலைகீழாக அமுக்கியிருக்கிறார். எடுப்பதாக நினைத்தபோது நின்றிருக்கிறது. நிறுத்தியதாக நினைத்தபோது ஓடியிருக்கிறது. ஊரில் பாதிப் பேர் இதே காரியத்தைச் செய்தவர்கள்தான். எல்லா டேப்பிலும் கொஞ்சம் தரை உண்டு, அக்கா அதை வெட்டிவிட்டுத்தான் கொடுப்பார். இதில் வெட்டினால் மிச்சமே இல்லை.

போன் போட்டுச் சொன்னார். "அண்ணே, அதுல ஒண்ணும் பதிவாகல. வெறும் தரைதான் இருக்கு."

"சரிம்மா" என்றாராம் தச்சர். அந்தச் "சரிம்மா" அக்காவை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், மனசு கேட்காமல் டேப்பை அதன் போக்கிலேயே ஓடவிட்டார். எவ்வளவு நேரம்தான் தரையைப் பார்ப்பது? கண் செருகியது. அரைத் தூக்கத்தில் பக்கத்தில் யாரோ பேசினாற்போல் இருந்தது.

"நிறுத்தியாச்சா? நெசமா நிறுத்தியாச்சா? அப்பாடா, இனிப் பேசலாம்."

அக்கா படியில் தடதடவென்று இறங்கி ஓடிவந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். "கண்ணால மட்டும் பார்த்துட்டேன்! என் காது எங்க போச்சு?" என்று என்னையே திட்டுவதுபோல் தன்னைத் திட்டிக்கொண்டார்.

மறுநாள் தச்சரும் மகளும் வந்தார்கள். நான் கடையைச் சாத்திவிட்டு மேலே போனேன். உனக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்காதீர்கள்.

திரையில் தரை ஓடியது. அதற்கு மேலே எங்கிருந்தோ ஒரு பெண் ஓயாமல் பேசினாள். "புள்ளையப் பிடிங்க, மண்ணத் திங்கிறா... இழைப்புளி பிடிக்கிற கைக்கு கேமரா எதுக்கு?" பிறகு சிரிப்பு. தச்சர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மகள் மட்டும் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

"யாரோ பேசுற மாதிரி இருக்குப்பா" என்றாள், தப்புச் செய்தவள் போல. தச்சர் முகம் சுருங்கிவிட்டது.

அப்போது திரையில், தச்சரின் செருப்புகளுக்கு எதிரே ஈரமான இரண்டு வெறுங்கால்கள் வந்து நின்றன. இரண்டாம் விரல் கட்டைவிரலைவிட நீளம். நுனி லேசாக அதன்மேல் ஏறியிருந்தது.

மகள் குனிந்து ஷூவைக் கழற்றினாள். காலைத் தரையில் ஊன்றி, அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா. இது என் காலு."

தச்சர் எட்டிப் பார்த்தார். "ஆமா... நான் மூஞ்சிய மட்டுமே தேடிக்கிட்டு இருந்துட்டேன்."

"முதல்லேர்ந்து போடுங்கக்கா" என்றாள் அந்தப் பெண். அழுதுகொண்டேதான் சொன்னாள். அக்கா போட்டார். தரையும் நாற்காலிக் காலும் மறுபடி மெல்ல வந்தன.

"நிறுத்தியாச்சா? நெசமா நிறுத்தியாச்சா?"

தச்சர் திரையைப் பார்த்து, அடுத்த அறையில் இருப்பவளுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "நிறுத்திட்டேன். நீ பேசு."