வடமாலபேட்டையில் ஒரு ஹேண்ட் வார்மர்

காலை 6.10க்கு வேலூரில் பேருந்து ஏறினேன். சித்தூர் வழியாகத் திருப்பதிக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பையில் ஒரு புது பர்னர் தலை, பஞ்சு, சிறு இடுக்கி. பெட்ரோல் ஊற்றினால் தீச்சுடர் இல்லாமலே சூடு தரும் ஹேண்ட் வார்மர்களைப் பழுதுபார்ப்பது என் பொழுதுபோக்கு. அதைப் பற்றி நான் போட்ட வீடியோவைப் பார்த்துத்தான் வடமாலபேட்டையிலிருந்து கோமதி அழைத்திருந்தாள். பழக்கூழ் ஆலையின் குளிர் அறையில் வேலை. வெளியே வந்தால் அரை மணிநேரம் விரல்கள் வெளுத்து மரத்துவிடுமாம். அதற்காக வாங்கிய ஹேண்ட் வார்மர் இப்போது சூடாவதே இல்லையாம்.

திருப்பதியில் சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோல் ஒரு டப்பா வாங்கினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, நாற்பது ரூபாய். பத்து மணிக்குக் கோமதியின் வீடு.

"எந்தப் பெட்ரோல் ஊத்துனே?"

"வண்டில இருக்கறதுதாங்க்கா, டியூப் போட்டு எடுத்துக்கினேன். நாலு நாள் சூடாச்சு, அப்புறம் ஒண்ணுமில்ல."

வண்டிப் பெட்ரோலின் கசடு, பர்னரில் பிளாட்டினம் பூசிய இழையை அடைத்திருந்தது. பர்னரைக் கழற்றி அடுப்பு நெருப்பில் காட்டினேன். ஓரம் மட்டும் சிவந்தது, நடுவில் உயிரில்லை. புதுத் தலையை எடுத்தேன். உள்ளே பழைய பஞ்சை மாற்றி, வாசலில் வைத்து அளவுக் குப்பியால் பெட்ரோல் ஊற்றினேன். அளவு கூடினால் பர்னர் நனைந்து அணைந்துவிடும். தலையைப் பொருத்தி, ஒரு தீக்குச்சியைக் காட்டி, மூடி, துணிப்பையில் போட்டுக் கொடுத்தேன்.

ஐந்து நிமிடத்தில் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"விரலைப் பாத்துட்டு டாக்டர் என்ன சொன்னாரு?"

"கோல்டு ரூமே வாணாம்னாரு. பேக்கிங்குக்கு மாத்தச் சொல்லிக் கேட்டுக்கினுதான் இருக்கேன். சூப்பர்வைசரு 'சூஸ்தாம், பாக்கலாம்'ங்கறாரு."

"இது மருந்து இல்ல, கோமதி. வெளிய வந்தப்புறம் சூடு தரும், அவ்வளவுதான். டாக்டர் சீட்டை இன்னிக்கே கொண்டுபோய்க் காட்டு."

ஒரு மணிக்கு அவள் வேலைக்குக் கிளம்பும்போது சீட்டு கையில் இருந்தது. பெட்ரோல் உள்ளே கூடாது என்பதால், ஆலை வாசலில் ஹேண்ட் வார்மரைச் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் திருப்பதிக்குத் திரும்பினேன்.

2.40க்கு, சித்தூர் வழியாகப் போகும் வேலூர் பேருந்தில் இருந்தபோது அழைத்தாள்.

"பேக்கிங் குட்த்துட்டாங்கக்கா! என் எடத்துல நேத்து சேந்த பொண்ணப் போட்டுட்டாங்க." குரலைத் தாழ்த்தினாள். "அந்த வார்மர அவளுக்குக் குட்த்துடட்டுமா?"

"குடு" என்றேன்.

சித்தூர் தாண்டிய பிறகும் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்காமல் விட்டது உறுத்திக்கொண்டிருந்தது.