காய்ச்சல் வரக் காத்திருந்த வருஷம்

தெருவில் யாருக்காவது காய்ச்சல் வராதா என்று ஏங்கிய மனிதன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். கல்கத்தா வானிலை ஆபீஸில் மழைக் கணக்கு எழுதும் குமாஸ்தா வேலை எனக்கு. கொசு கடித்துத்தான் மலேரியா வருகிறது என்று டாக்டர்கள் சொல்லத் தொடங்கியிருந்த காலம். எனக்கு மூளை சும்மா இருக்குமா? பெருமழை ஓய்ந்து புழுக்கம் நீடித்தால் கொசு பெருகும், பின்னாலேயே காய்ச்சல் வரும்; ஆகவே மழையைப் பார்த்தே காய்ச்சலை முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்று துரையிடம் போய் நின்றேன்.

துரை சிரித்தார். காளி பூஜைக்குள் என் தெருவில் காய்ச்சல் வந்தால் என் யோசனையை மேலிடத்துக்கு அனுப்புவதாகவும், வராவிட்டால் ஆபீஸில் கொசு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்றும் சொன்னார்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. பிறகு ஆளை வேகவைக்கிற புழுக்கம். எனக்கு ஒரே குஷி. எங்கள் பவானிப்பூர் சந்தில் தினமும் காலையில் வீடு வீடாகப் போய் நலம் விசாரித்தேன். எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். எதிர்வீட்டு வங்காளி வக்கீல் ஒருநாள் தும்மினார், ஆசையோடு ஓடினேன். மூக்குப்பொடி போட்டாராம். பாவி மனுஷன்!

பூஜை நெருங்கியது. மானம் போகப்போகிறது என்று நொந்துபோயிருந்தபோது எனக்கே பல் தந்தியடித்தது. கம்பளிக்குள் உதறிக்கொண்டே, "ஜெயிச்சுட்டேன்டி!" என்று கத்தினேன். பிதற்றுகிறேன் என்று பயந்து என் மனைவி வக்கீலை அழைத்துவந்தாள்.

சந்தில் வேறு யாருக்கும் இல்லாத காய்ச்சல் இங்கே மட்டும் எப்படி என்று யோசித்த வக்கீல், வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினார். அங்கே பானை பானையாகக் கங்கை ஜலம். ஊரிலிருக்கும் உறவுக்காரர்களுக்குச் சொம்பில் அடைத்து அனுப்புவதற்காக அவள் சேர்த்துவைத்தது. கூப்பிடு தூரத்தில் கங்கை ஓடும்போது இவ்வளவு எதற்கு என்று ஆச்சரியப்பட்டு அவர் எட்டிப் பார்த்தார். உள்ளே கொசுப்புழுக்கள் துள்ளி விளையாடின.

பானை கொடுத்த காய்ச்சலை மழையின் கணக்கில் எழுத எனக்கு மனசு வரவில்லை. துரையிடம் தோற்றேன். வாய்விட்டு அழாத குறைதான்.

"கொட்டுடி அத்தனையையும்!" என்றேன்.

"கங்கையைக் கொட்டறதாவது! மகாபாவம். வேணும்னா பானை வாய்க்குத் துணி கட்டி வெக்கறேன்."

கொய்னா மாத்திரையை நீட்டினாள். அந்தக் கசப்பை நான் விழுங்கும்வரை காத்திருந்து, நிதானமாகச் சொன்னாள்: "ஏன்னா, உங்க துரைகிட்ட சொல்லுங்கோ. மழையெல்லாம் பாத்துண்டிருக்க வேண்டாம். எங்க அக்கா எப்போ கங்கை வேணும்னு எழுதறாளோ, அன்னிக்கே காய்ச்சல் வரும்னு தண்டோரா போடச் சொல்லுங்கோ."