நெய்யாற்றின்கரை பஸ்ஸில் அழுதது நான்தான்

ஆமாம், இன்று காலை பஸ்ஸில் அழுதது நான்தான். அக்கறையோடு போனில் விசாரித்த அனைவருக்கும் இங்கேயே பதில்.

நான் படித்தது நாவல். குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்க நடந்த எல்லைப் போராட்டத்தில் சிறைக்குப் போனவருக்காகக் காத்திருந்து அவருடைய நாய் செத்துப்போகிறது. மழை என்பதால் புத்தகத்தை வேதாகமத்தின் கறுப்பு ஜிப் உறைக்குள் வைத்திருந்தேன்.

பாறசாலையில் ஏறிய எங்கள் சபைப் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கரையாண்டாம், கண்ணத் தொடைங்க. பெத்த மக்க ஆரும் கவனிக்கல்லியா?"

"நாய் செத்துப்போச்சு."

"வீட்டு நாயா?"

"இல்லை, இதில்" என்று புத்தகத்தைக் காட்டினேன்.

அவள் உறையைப் பார்த்தாள். "வேதத்திலயா? எந்த அதிகாரமாக்கும்?"

கணவரின் அடக்கத்தன்றுகூடச் சபையின் முன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் நான். கான்வென்ட் சிஸ்டர்கள் அப்படித்தான் வளர்த்தார்கள். அந்தப் பெருமை நெய்யாற்றின்கரை சேர்வதற்குள் தீர்ந்தது.

மாலையில் பெண்கள் சங்கத்திலிருந்து போன். "அக்கா, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வேண்டி விசேஷ ஜெபம் உண்டு."

சரி என்றுவிட்டேன். இறந்த நாயின் பெயர் மணியன். ஜெபத்தில் அவனையும் சேர்க்கச் சொல்லலாமா, நீங்களே சொல்லுங்கள்.